நிழலைப் படித்த மருத்துவர் எட்மண்ட் கெல்ஸ்

பல் போனால் சொல் போகும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. உண்பதற்கும் உரைப்பதற்கும் முகத்தின் பொலிவுக்கும் பற்கள் வேண்டும். ஆயினும் வலி வந்து இரவெல்லாம் உறக்கம் கெடும் வரையில் அவற்றை நாம் நினைப்பதே இல்லை. வலி தாங்காமல் இன்று பல் மருத்துவரிடம் ஓடுகிறவரின் வாயில் விரல் நுனியளவு உணரி ஒன்று வைக்கப்படுகிறது. கண் இமைக்கும் நேரத்தில் படம் எடுக்கப்படுகிறது. அது அடுத்த நொடியே கணிப்பொறித் திரையில் தோன்றுகிறது. சில இடங்களில் கணிப்பொறியே அப்படத்தை ஆராய்ந்து, இங்கே சொத்தை இருக்கலாம், இங்கே எலும்பு தேய்ந்திருக்கலாம் என்று வண்ணக் கோடிட்டுக் காட்டுகிறது.

இவ்வளவு எளிதாக நமக்குக் கிடைக்கும் இப்படத்திற்குப் பின்னால் ஒரு மனிதரின் கை இருக்கிறது. அணிக்காகச் சொல்வதன்று, பல்லின் படத்தைச் செம்மையாக எடுப்பதற்காகத் தம் கையையே இழந்தவர் அவர். பல் மருத்துவ வரலாற்றை எழுதுவோர் எவரும் விடாமல் குறிப்பிடும் பெயர் அவருடையது. எட்மண்ட் கெல்ஸ் என்னும் அப்பெரியாரின் வாழ்வு, அறிவியல் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ளத் தக்கது.

பிறப்பும் பயிற்சியும்

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆறு கடலோடு கலப்பதற்குச் சற்று முன்னர் அமைந்த துறைமுக நகரம் நியூ ஆர்லியன்ஸ். அந்நகரில் 1856-ஆம் ஆண்டில் சார்லஸ் எட்மண்ட் கெல்ஸ் பிறந்தார். தந்தையார் பெயரும் அதுவே. தந்தையார் அந்நகரில் பல் மருத்துவம் செய்துவந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு, 1862-இல் வடபுலப் படைகள் நியூ ஆர்லியன்ஸைக் கைப்பற்றியபோது, சிறுவன் கெல்ஸுக்கு ஆறு வயதும் நிரம்பவில்லை. போரின் துன்பங்களுக்கிடையே வளர்ந்த அந்தச் சிறுவனுக்குத் தந்தையின் மருத்துவ அறையே முதற் பள்ளியாயிற்று.

பின்னர் அவர் நியூயார்க் பல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து பயின்று, 1878-இல் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற பின் பெருநகர வாழ்வை நாடாமல் சொந்த ஊருக்கே திரும்பித் தந்தையாருடன் இணைந்து தொழில் நடத்தலானார்.

அந்நாளைய பல் மருத்துவ அறையை இன்று நாம் கற்பனை செய்வதும் கடினம். தையற்பொறியை மிதிப்பது போலக் காலால் மிதித்து இயக்கும் துளைபொறிதான் அன்று இருந்தது. பகல் வெளிச்சமே விளக்கு. பல்லின் வெளிப்புறம் கண்ணுக்குத் தெரியும். உட்புறமும் வேரும் மருத்துவரின் ஊகத்துக்கு உட்பட்டவை. வேரின் நீளம் எவ்வளவு, அடியில் சீழ் கட்டியிருக்கிறதா, முளைக்காத பல் எலும்புக்குள் எந்தப் பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது என்பவற்றை யாரும் பார்த்ததில்லை. தட்டியும் தடவியும் குளிர்நீர் விட்டும் அறிந்ததே அறிவு.

புதுமை நாட்டம்

கெல்ஸுக்கு இயல்பிலேயே பொறிகளில் நாட்டம் மிகுதி. மின்சாரம் வீடுகளுக்கு எட்டத் தொடங்கிய அக்காலத்தில், அதனைப் பல் மருத்துவ அறைக்குள் கொண்டுவந்த முன்னோடிகளுள் அவரும் ஒருவர். அறுவைச் சிகிச்சையின்போது பெருகும் குருதியையும் உமிழ்நீரையும் உறிஞ்சி வெளியேற்றும் கருவியை அவர் அமைத்தார். இன்று பல் மருத்துவரிடம் வாயைத் திறந்து அமர்ந்திருக்கையில் ஓர் உறிஞ்சுகுழல் இரைந்துகொண்டே இருக்கிறதல்லவா? அதன் முன்னோர்களுள் ஒன்று கெல்ஸின் அறையில் பிறந்தது. பல்வேறு கருவிகளுக்காக அவர் பெற்ற காப்புரிமைகள் ஏறத்தாழ முப்பது.

அவர் செய்த சீர்திருத்தம் இன்னொன்றும் உண்டு. அக்கால அமெரிக்கச் சமுதாயத்தில், துணையின்றி ஒரு பெண் ஆண் மருத்துவரின் அறைக்குள் செல்வது மதிப்புக்குரியதாகக் கருதப்படவில்லை. கணவனோ தமையனோ வரும் வரையில் பெண்கள் பல்வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தார்கள். 1885-இல் கெல்ஸ், மால்வினா க்யூரியா என்னும் இளம்பெண்ணைத் தம் உதவியாளராக அமர்த்தினார். மருத்துவ அறையில் பெண் உதவியாளர் இருக்கிறார் என்னும் செய்தி பரவவே, பெண்கள் அச்சமின்றித் தாமே வந்து சிகிச்சை பெறலாயினர். பல் மருத்துவ உதவியாளர் என்னும் தொழில் தோன்றிய வரலாற்றை எழுதுவோர் இந்நிகழ்ச்சியிலிருந்துதான் தொடங்குகின்றனர்.

புதிய கதிரின் வருகை

1895 நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மனியின் வுர்ட்ஸ்பர்க் நகரில் இயற்பியற் பேராசிரியர் ராண்ட்ஜன் புதியதொரு கதிரைக் கண்டார். கறுப்புத் தாளையும் கட்டையையும் தசையையும் ஊடுருவிச் சென்று, எலும்பில் மட்டும் தடைபட்டு நிழலிடும் கதிர் அது. இன்னதென்று புலப்படாமையால் எக்ஸ் கதிர் எனப் பெயரிட்டார். கதிருக்குக் காப்புரிமை பெற்றுக் கோடி குவித்திருக்கலாம். ஆயினும் அவர் அதனை உலகுக்கே பொதுவாக்கினார்.

செய்தி வெளியான சில நாட்களிலேயே, 1896 ஜனவரியில், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரப் பல் மருத்துவர் ஓட்டோ வால்க்காஃப் தம் வாயையே ஆய்வுக் களமாக்கினார். கறுப்புத் தாளிலும் ரப்பரிலும் பொதிந்த கண்ணாடித் தகட்டை வாய்க்குள் வைத்து, 25 நிமிடங்கள் அசையாது கிடந்தார். வேதியியலறிஞர் கீசல் உடனிருந்து உதவினார். மங்கலான ஒரு பற்படம் கிடைத்தது. இன்று நொடியின் சிறு பகுதியில் எடுக்கும் படத்துக்கு அன்று 25 நிமிடம்!

அதே ஆண்டு இளவேனிலில் நியூ ஆர்லியன்ஸின் துலேன் பல்கலைக்கழகத்தில் புதிய கதிரைப் பற்றிய செயல்விளக்கம் நடந்தது. அதைக் கண்ட கெல்ஸ் இது பல் மருத்துவத்துக்கென்றே வந்த கதிர் என்று உணர்ந்தார். கருவிகளை வாங்கித் தம் அறையிலேயே கூடம் ஒன்று அமைத்தார். வாயின் வளைவுக்குப் பொருந்துமாறு படச்சுருளை வெட்டி, ஒளியும் எச்சிலும் படாமல் பொதிந்து, அசையாது நிறுத்தப் பிடிப்பான் ஒன்றையும் செய்துகொண்டார். 1896 ஜூலையில் வட கரோலினா மாநிலத்தின் ஆஷ்வில் நகரில் கூடிய தென்மாநிலப் பல் மருத்துவர் மாநாட்டில் அவர் இக்கலையைச் செய்து காட்டினார். உயிருள்ள மனிதரின் வாய்க்குள் படச்சுருள் வைத்து அமெரிக்காவில் முதன்முதலாகப் பற்படம் எடுத்தவர் என்னும் சிறப்பை வரலாற்றாசிரியர் பலர் அவருக்கு அளிக்கின்றனர்.

1899-இல் அவர் செய்த செயல் இன்னும் நுட்பமானது. பல்லின் வேர்க் குழாய்க்குள் மெல்லிய ஈயக் கம்பியை நுழைத்துப் படமெடுத்தார். ஈயம் கதிரைத் தடுக்கும்; ஆகவே படத்தில் கம்பி தெளிவாகத் தெரியும். கம்பி வேரின் முனையை எட்டியதா, எவ்வளவு குறைகிறது என்று அளந்தறிய முடிந்தது. அதுவரை காட்சிப் பொருளாக இருந்த பற்படம் அன்று அளவுகோலாயிற்று. பற்படத்தை அளந்து ஆராயும் இன்றைய கணிப்பொறிக் கலைக்கு வித்து அங்கே விழுந்தது எனலாம்.

நிழலின் மொழி

பற்படம் என்பது என்ன? அது ஒரு நிழல். தாதுப்பொருள் செறிந்த எனாமல் கதிரை மிகுதியாகத் தடுப்பதால் வெண்மையாகத் தெரியும். அதனடியிலுள்ள டென்டின் சற்றே சாம்பல் நிறம். நரம்பும் குருதிக் குழாயும் தங்கிய பற்கூழ் கருமை. சொத்தை விழுந்த இடத்தில் தாது கரைந்துபோவதால், வெண்மையின் நடுவே கறுத்த திட்டுத் தோன்றும். வேரின் நுனியில் எலும்பு அரித்திருந்தால் அங்கும் கருமை படரும்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இம்மொழியில் பொடி வைத்த சொற்கள் பல உண்டு. கீழ்த்தாடையில் நரம்பு வெளிவருவதற்கென்று இயற்கையே வைத்த துளை ஒன்று இருக்கிறது. கதிர் சாய்ந்து விழுந்தால் அத்துளையின் நிழல் முன்கடைவாய்ப் பல்லின் வேர்நுனியில் பொருந்தி, சீழ்க்கட்டி போலவே காட்சி தரும். பல்லின் கழுத்துப் பகுதியில் கதிர் எளிதாகப் புகுவதால் தோன்றும் கருமை, சொத்தை போல ஏமாற்றும். மாறாக, உண்மையான சொத்தையோ கணிசமான தாது கரைந்த பின்னரே படத்தில் முகம் காட்டும். முப்பரிமாணமுள்ள தாடை ஒரு தட்டையான தாளில் படிவதால், முன்னதும் பின்னதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் பழமொழி பற்படத்துக்கு முற்றும் பொருந்தும். இதனைத் தம் காலத்தில் கெல்ஸைப் போல் உணர்ந்தவர் சிலரே.

கதிர் கேட்ட விலை

அந்நாளைய கதிர்க்குழாய்கள் நிலையற்றவை. குழாய்க்குள்ளிருந்த காற்றின் அளவு பயன்படுத்தப் பயன்படுத்த மாறிக்கொண்டே இருக்கும். அதற்கேற்பக் கதிரின் ஊடுருவும் வலிமையும் மாறும். ஆகவே ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னதாகக் குழாயைச் சோதித்துச் சீர்செய்ய வேண்டியிருந்தது. சோதனைக்குரிய பொருள் எது? மருத்துவரின் கைதான்! குழாய்க்கும் ஒளிரும் திரைக்கும் இடையே தம் கையை நீட்டி, எலும்புகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பார்த்து, அதன் பின்னரே நோயாளியை அமர்த்துவார் கெல்ஸ். நாள்தோறும், ஆண்டுக் கணக்கில், அதே கை அதே கதிரின்முன் நீண்டது. நிலையான கதிர் தரும் குழாயைக் கூலிட்ஜ் என்னும் அறிஞர் உருவாக்கியது 1913-இல்தான். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

எச்சரிக்கைக் குரல் எழாமலும் இல்லை. பாஸ்டன் நகரைச் சேர்ந்த வில்லியம் ராலின்ஸ் என்னும் பல் மருத்துவர், எலியினத்தைச் சேர்ந்த கினிப் பன்றிகள் கதிர் பட்டு இறப்பதைச் செய்து காட்டி, குழாயை ஈயக் கூட்டுக்குள் அடைக்க வேண்டும் என்று 1901-ஆம் ஆண்டளவிலேயே வற்புறுத்தினார். எடிசனின் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ் கதிரோடு பழகிய கிளாரன்ஸ் டாலி 1904-இல் மாண்டார். ஆனால் கதிரின் தீங்கு உடனே தெரிவதில்லை. சுட்டால் உடனே கையை இழுத்துக்கொள்ளலாம். இதுவோ வலியின்றிப் புகுந்து, ஆண்டுகள் பல கழித்துக் கணக்குத் தீர்க்கும். புதுமையின் வெற்றிக் களிப்பில் இருந்த உலகம் ராலின்ஸின் குரலுக்குச் செவிசாய்க்கவில்லை.

கெல்ஸின் விரல்களில் முதலில் தோல் தடித்தது. பின் புண்கள் தோன்றின. ஆறாத புண் புற்றாயிற்று. விரல்கள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. பின்னர்க் கை போயிற்று. நோய் மேலும் ஏறவே புயமும் அகற்றப்பட்டது. வாழ்வின் இறுதி ஆண்டுகளில் அவருக்கு நடந்த அறுவைச் சிகிச்சைகள் முப்பதுக்கும் மேற்பட்டவை. பல் மருத்துவனுக்குக் கையே மூலதனம். அக்கை சிறுகச் சிறுகக் குறைந்துவருவதைக் கண்ணெதிரே கண்டும் அவர் தொழிலையும் எழுத்தையும் கைவிடவில்லை.

தனித்து நின்ற துணிவு

கெல்ஸின் வாழ்வில் மிக உயர்ந்த பகுதி இனிமேல்தான் வருகிறது. 1910-இல் வில்லியம் ஹண்டர் என்னும் ஆங்கில மருத்துவர் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில், வாயில் தங்கிய அழுக்கும் சீழுமே உடலின் பல நோய்களுக்குக் காரணம் என்று குற்றஞ்சாட்டினார். கருத்தில் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால் அது காட்டுத்தீயாகப் பரவி, மூட்டுவலிக்கும் சோர்வுக்கும் மனநோய்க்கும்கூடப் பல்லே காரணம் என்னும் நிலை வந்தது. பொது மருத்துவர்கள் பற்படத்தைக் காட்டி, இதோ கறுப்புத் திட்டு, இப்பல்லைப் பிடுங்குக என்று பல் மருத்துவருக்கு ஆணையிடலாயினர். பிடுங்கப்பட்டவற்றுள் குற்றமற்ற பற்கள் எத்தனையோ! வாய் நிறையப் பல் இருந்தவர்கள் பொக்கை வாயோடு வீடு திரும்பினார்கள். வந்த நோயோ பலருக்குப் போகாமல் அப்படியே இருந்தது.

தாம் அரும்பாடுபட்டு வளர்த்த கலை இப்படிப் பயன்படுவதைக் கண்டு கெல்ஸ் கொதித்தெழுந்தார். 1920-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கத்தின் இதழில், இக்காலத்தின் பெருங்குற்றம் என்னும் பொருள்படத் தலைப்பிட்டு நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். பற்படத்தின் நிழலை மட்டும் நம்பி நல்ல பல்லைப் பிடுங்குவது குற்றம் என்றும், ஆணை யாரிடமிருந்து வந்தாலும் காரணமின்றிப் பல்லைப் பிடுங்க மறுப்பதே பல் மருத்துவரின் கடமை என்றும் வாதிட்டார்.

இதன் அருமையை எண்ணிப் பார்க்க வேண்டும். பற்படத்துக்காகக் கையையே விலையாகக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். அதன் புகழைப் பாடுவதற்கு அவரைவிட உரிமையுள்ளவர் யாருமில்லை. அவரே முன்வந்து, படம் சொல்வதற்கு மேல் அதன் வாயில் சொல்லைத் திணிக்காதீர் என்றார். பெற்ற பிள்ளையைக் கண்டிக்கும் தாயின் நேர்மை அது. பெரும்பாலோர் ஒருபக்கம் சாய்ந்திருந்த காலத்தில் அவர் குரல் உடனே வெல்லவில்லை. 1930களின் பிற்பகுதியில்தான் முறையான ஆய்வுகள் வந்து, கண்மூடித்தனமாகப் பல் பிடுங்கும் வழக்கம் தேயத் தொடங்கியது. அதைக் காண அவர் இருக்கவில்லை.

இறுதி நாட்கள்

நோய் முற்றிய நிலையிலும் தம் அனுபவங்களைப் பின்வருவோருக்கு விட்டுச்செல்ல விரும்பி, 1925-இலும் 1926-இலும் இரு நூல்களை வெளியிட்டார். தொழிலின் நுணுக்கங்களையும் அறுபத்தொன்பது ஆண்டு வாழ்வின் நினைவுகளையும் அவற்றில் பதிந்து வைத்தார். ஆயினும் புற்றுநோயின் வேதனை மனிதப் பொறுமையின் எல்லையைக் கடந்தது. 1928 மே 7-ஆம் நாள், தம் எழுபத்தோராம் வயதில், தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். வலியைத் தணிக்கும் மருத்துவமும் நோயாளிக்குத் துணைநிற்கும் ஏற்பாடுகளும் இன்றுபோல் அன்று வளர்ந்திருக்குமாயின் அம்முடிவு நேராதிருந்திருக்கலாம். நினைக்க நெஞ்சு கனக்கிறது.

அவருக்குப் பின்

அவர் விட்ட இடத்திலிருந்து கலை வளர்ந்தது. கதிர்க்குழாய்கள் ஈயக் கூட்டுக்குள் அடங்கின. படச்சுருள்கள் விரைவு பெற்றன. 1980களில் பிரான்ஸ் நாட்டுப் பல் மருத்துவர் பிரான்சிஸ் முய்யேன், படச்சுருளுக்கு மாற்றாக வாய்க்குள் வைக்கும் மின்னணு உணரியை உருவாக்கினார். அது 1987-இல் விற்பனைக்கு வந்தது. கதிரின் அளவு வெகுவாகக் குறைந்தது. அதனினும் பெரிய மாற்றம், நிழல் எண்ணாக மாறியதே.

கணிப்பொறியின் பார்வையில் பற்படம் என்பது சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆன கட்டம். முழுக் கருமைக்குச் சுழி, முழு வெண்மைக்கு 255 என்று ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் தரலாம். எண்ணாகிவிட்டால் கூட்டலாம், கழிக்கலாம், ஒப்பிடலாம். சென்ற ஆண்டுப் படத்தை இந்த ஆண்டுப் படத்திலிருந்து கழித்தால், மாறாதவை மறைந்து மாறியவை மட்டும் எஞ்சும். கண்ணுக்குத் தப்பிய எலும்புத் தேய்வும் புலப்படும். படங்கள் ஒரே கோணத்தில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. 1990களின் இறுதியில் இத்தாலியிலும் ஜப்பானிலும், தாடையைச் சுற்றிவந்து கூம்பு வடிவக் கதிரால் பல படங்கள் எடுத்து, அவற்றிலிருந்து முப்பரிமாண உருவைக் கணித்துத் தரும் பொறிகள் வந்தன. நிழல்மேல் நிழல் விழும் பழைய குறை அதனால் பெருமளவு நீங்கியது.

அதற்கடுத்த படி கணிப்பொறியைப் படிக்கக் கற்பித்தல். மருத்துவர்கள் குறியிட்டுத் தந்த படங்களைக் காட்டிக் காட்டி, சொத்தை எது, நல்ல பல் எது என்று அதனைப் பழக்குகிறார்கள். பற்களின் பக்கவாட்டுப் படங்களில் சொத்தையைக் கணிப்பொறியால் கண்டுபிடிக்கும் போட்டி ஒன்று 2015-இல் நடைபெற்றது. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய யு-நெட் என்னும் முறை அதில் வென்றது. இன்று மருத்துவப் படங்களை ஆராயும் எத்தனையோ மென்பொருள்களுக்கு அதுவே முன்மாதிரி.

ஆனால் மாணவன் ஆசிரியரைப் போலத்தானே இருப்பான்? குறியிட்ட மருத்துவர் தவறியிருந்தால் கணிப்பொறியும் அதே தவற்றைக் கற்கும். நரம்புத் துளையைச் சீழ்க்கட்டி என்று அதுவும் சொல்லக்கூடும். மனிதனைப் போல் களைப்படையாது, கவனம் சிதறாது என்பது அதன் பெருமை; நோயாளிக்கு வலி எங்கே, எப்போது தொடங்கியது, தட்டினால் கூசுகிறதா என்று அது தானே கேட்டறியாது என்பது அதன் எல்லை. அன்று பொது மருத்துவர் ஆணையிட்டார். இன்று திரையிலுள்ள வண்ணக் கோடு ஆணையிடுவது போலத் தோன்றுகிறது. ஆணையிடுவோர் மாறினாலும், பிடுங்குவதற்கு முன் தீர விசாரிக்க வேண்டிய கடமை மருத்துவரைவிட்டு மாறவில்லை. 1920-இல் கெல்ஸ் எழுப்பிய குரல் கணிப்பொறிக் காலத்துக்கென்றே எழுந்தது போல ஒலிக்கிறது.

அவர் காட்டும் வழி

மாணவ நண்பர்களே! கெல்ஸின் வாழ்வு நமக்கு இரு பாடங்களைத் தருகிறது. புதிய ஆற்றல் ஒன்று கையில் வரும்போது, அதன் பயனைக் காணும் ஆர்வத்தோடு அதன் தீங்கைத் தேடும் விழிப்பும் வேண்டும் என்பது ஒன்று. அதை அவர் தம் உடலை விலையாக்கிக் கற்றுத் தந்தார். கருவி எவ்வளவு கூர்மையானாலும் தீர்ப்பு மனிதனின் பொறுப்பு என்பது மற்றொன்று. அதை அவர் தம் பேனாவால் கற்றுத் தந்தார்.

நம்முள் சிலர் நாளை மருத்துவக் கூடங்களில் பணிபுரியலாம். சிலர் படங்களை ஆராயும் மென்பொருள்களை எழுதலாம். எல்லோரும் ஒருநாள் நோயாளியாக அந்நாற்காலியில் அமரத்தான் போகிறோம். அன்று, திரையில் ஒளிரும் படத்தைக் காண்கையில், ஒரு நூற்றாண்டுக்கு முன் நியூ ஆர்லியன்ஸில் ஒளிரும் திரையின்முன் நீண்ட அக்கையை நினைப்போமாக. அக்கைக்கு நாம் செய்யும் நன்றிக்கடன், படத்தைப் பொறுப்போடு படிப்பதேயாகும்.